ஒன்பது பெருவிரல்கள்

பாலைநட்டகுளம்
16.02.2025

அன்பு அம்மாயிக்கு,

முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? வினோதன் மாமா எண்ணெய் வாங்கித் தந்தாரா? நான் சுகமாக இருக்கிறேன். பாடசாலை அதிபர் ஒழுங்கு செய்து தந்த வீட்டில் அறை நல்லது, கிணறு கிட்ட.

எனக்குத் தரம் எட்டுக்குத் தமிழ் தந்திருக்கிறார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள். முதல் நாள் ‘மழை நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். இருபத்து மூன்று பேரும் ‘வானம் கருங்கம்பளம் போர்த்திக்கொண்டது’ என்றுதான் தொடங்கினார்கள். இந்த ஊரில் கம்பளத்தைக் கண்ணால் கண்ட பிள்ளை ஒன்றுமில்லை. பழைய டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். “நேற்றைக்கு மழை பெய்ததுதானே, உங்கட வீட்டில என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ” என்றேன். ரஜிதா என்றொரு பிள்ளை எழும்பி, “அதை எழுதினா மாக்ஸ் போடுவீங்களோ டீச்சர்?” என்று கேட்டாள்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஆடி மாதம் பாடசாலைக்கு நாற்பத்தைந்தாம் ஆண்டு விழா. பழைய விழா மலரில் பாடசாலை வரலாறு இருக்கிறது. ‘வள்ளல் ஏரம்பு அவர்கள் தமது காணியை வழங்கிக் கிணறும் வெட்டிக் கொடுத்தார்.’ இவ்வளவுதான். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினேன். இதை எழுதியது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதில் யாருடைய பெயர் இல்லை?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகளிடம் மறுமொழி இல்லை. என்னிடமும் பாதிதான் இருக்கிறது. தாத்தா இந்த ஊர்க் கிணற்றில்தான் செத்தார் என்று அம்மா சொல்லுவா. நீங்கள் எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னால் உங்களுக்கு நான் கேட்பது விளங்காது, பிள்ளைகளுக்கு வாசிக்கவும் ஒன்றும் இருக்காது.

யுத்தம் முடிந்து முகாமில் இருந்தபோது நான் உங்களுக்கு மண்ணில் ‘அ’ எழுதிப் படிப்பித்த கதையை அவர்களுக்குச் சொன்னேன். என் முதல் மாணவி என் அம்மாயி என்றேன். கைதட்டினார்கள்.

உங்கள் பேத்தி,
சிவரூபி


உ
மாரியாத்தா துணை
வட்டக்கச்சி
26.02.2025

என் பேத்தி ரூபிக்கு அம்மாயி எழுதிக்கொள்வது. செல் குண்டு விழுந்த நாள் முதல் இரைகிற காது இன்னும் இரைகிறது, மற்றபடி எனக்குக் குறைவில்லை. உன் மாமன் உளுந்து பிடுங்கப் போயிருக்கிறான். நீ வேளைக்குச் சாப்பிடு.

வள்ளலா அவன்? உன் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டு.

எழுபத்தெட்டாம் வருசம் பங்குனி மாதம் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. தேயிலைத் தோட்டத்தில் கலவரக்காரர் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்த பிறகு ஒன்பது குடும்பம் ஒரே லொறியில் ஏறினோம். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அழகம்மா வழி நெடுக ஒப்பாரி. நான்தான் ரோட்டோரத்துக் கடை போர்டை எட்டிப் பார்த்து வாசித்து, “அடியே, வவுனியா வந்தாச்சு. தலைமன்னாருக்குப் போகல. வாய மூடு” என்று அவளை அடக்கினேன்.

வந்து பார்த்தால் வெறும் காடு. பாலை மரமும் வீரை மரமும் நாங்கள் வெட்டினோம். ஏரம்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் காணி எடுத்திருந்தான். குடை பிடித்துக்கொண்டு நிற்பான். தேத்தண்ணி தருவான், சிரட்டையில். அவன் பெண்சாதி சிவனேஸ்வரி அந்தச் சிரட்டையையும் தூக்கி வீசிவிடச் சொல்வாள்.

எழுபத்தொன்பது ஐப்பசியில் உன் தாத்தா சுடலைமுத்து வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குள் நின்று “தண்ணி வந்திருச்சு!” என்று கத்தினார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பக்கம் சரிந்து விழுந்தது. மேலே நின்ற ஏரம்பு என்ன சொன்னான் தெரியுமா? “மண்ணைக் கெதியா அள்ளுங்கோ, ஊத்து அடைபடப் போகுது.” ஊற்றுத்தான் அவனுக்குப் பெரிது. பிறகு அதே கிணற்றில் எங்களுக்கென்று வேறு வாளி கட்டினாள் சிவனேஸ்வரி.

நாற்பத்தாறு வருசம். எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்.

அம்மாயி
மீனம்மா


பாலைநட்டகுளம்
23.03.2025

அன்பு அம்மாயிக்கு,

உடம்பு எப்படி? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நான் நலம்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். இடைவேளையில் எட்டாம் வகுப்பு முழுதும் கிணற்றடியில் நின்றது. அடுத்த நாள் எல்லோரும் தங்கள் வீட்டுக் கதையை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தரும் கம்பளம் போர்த்தவில்லை. அதிபர்தான், “டீச்சர், சிலபசை முடியுங்கோ. கிணத்தைப் பிறகு கிண்டுவம்” என்றார்.

ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்கக்கூடாது என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அதனால் ஐந்து பிள்ளைகள் ஏரம்புவின் மகன் பிரதாபன் வீட்டுக்குப் போனார்கள். அவர்தான் விழாக் குழுத் தலைவர். பிஸ்கட் கொடுத்து இருத்தி, ஒரு பழைய கடுதாசியின் போட்டோப் பிரதியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். “போய் உங்கட டீச்சரிட்டக் காட்டுங்கோ” என்றாராம்.

மூன்று பக்கம். 1980 தை மாதம் இருபதாம் தேதி. பாடசாலைக் காணியும் அதைச் சுற்றிய பதினெட்டு ஏக்கரும் ஏரம்புவுடையது, நாங்கள் அவர் தயவில் குடியிருக்கிறோம், ஒருகாலமும் உரிமை கேட்கமாட்டோம் என்று எழுதியிருக்கிறது. கீழே ஒன்பது பெருவிரல் அடையாளம். முதலாவது ‘சுடலைமுத்து மனைவி மீனம்மா’. இரண்டாவது அழகம்மா. அவர் ரஜிதாவின் அப்பாயி. அந்தக் குடும்பம் இன்றைக்கும் பிரதாபனின் வயலில்தான் கூலிக்குப் போகிறது. அவர்கள் அரசாங்கத்திடம் காணிப் பேமிட் கேட்ட போதெல்லாம் பிரதாபன் இந்தக் கடுதாசியைத்தான் எடுத்து நீட்டுகிறாராம்.

அம்மாயி, அன்றைக்கு அந்த மூன்று பக்கத்தையும் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா? இதற்கு மட்டும் எழுதுங்கள்.

சிவரூபி


உ
மாரியாத்தா துணை
வட்டக்கச்சி
30.03.2025

ரூபிக்கு அம்மாயி எழுதுவது. சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு. மாமனுக்கு இருமல், கற்பூரவள்ளி கொடுக்கிறேன்.

நீ கேட்டதற்கு. ஒருத்தரும் வாசித்துக் காட்டவில்லை. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. உனக்குத் தெரியாததா, நீதானே பிறகு படிப்பித்தாய். ஏரம்புதான் கட்டை விரலைப் பிடித்து அமுக்கினான். ஏமாற்றிப் போட்டான். இதை எழுதிச் சுவரில் ஒட்டு. மண்டபத்தில் அவன் பெயர் இருந்தால் கழட்டச் சொல்லு.

வேறொன்றும் இல்லை.

மீனம்மா


பாலைநட்டகுளம்
12.05.2025

மதிப்புக்குரிய மீனம்மா பாட்டிக்கு,

வணக்கம். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நான் தரம் எட்டில் படிக்கும் ரஜிதா. அழகம்மாவின் பேத்தி. விலாசம் டீச்சர் தந்தவா.

நாங்கள் சுவர்ப் பத்திரிகை செய்தோம். ‘எழுத்துத் தெரியாத ஒன்பது குடும்பங்கள் ஏமாற்றப்பட்ட கதை’ என்று தலைப்புப் போட்டோம். தலைப்பு நான்தான். பிரதாபன் ஐயா வந்து பார்த்துவிட்டு அதிபரிடம் கத்தினார். இப்போது வலயக் கல்விக் கந்தோரில் டீச்சருக்கு விசாரணை வைக்கப் போகிறார்களாம். டீச்சர் வேலைக்கு வந்து வருசம் ஆகாததால் வேலை நிரந்தரமாகாமல் போகலாம் என்று பெரிய வகுப்பு அக்காமார் கதைக்கிறார்கள். காகம் கத்தினாலும் விசாரணைக் கடிதம் வந்துவிட்டதோ என்று பாடசாலை வாசலைப் பார்க்கிறேன். தலைப்பு நான் போட்டதல்லவா?

அதனால் உங்கள் இரண்டு கடிதத்தையும் திரும்ப வாசித்தேன். முதல் கடிதத்தில், 1978இல் கடை போர்டை வாசித்து வவுனியா என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில், 1980இல் எழுத்துத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

டீச்சரிடம் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. பிறகு, “எழுதினவவிட்டயே கேள்” என்றா.

அப்பாயியிடமும் கேட்டேன். “மீனம்மா வச்சா, அதால நானும் வச்சேன்” என்கிறா. பிழையாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். மறுமொழி எழுதுங்கள்.

பணிவுள்ள,
ரஜிதா


பாலைநட்டகுளம்
29.06.2025

அம்மாயிக்கு,

ரஜிதா எழுதி ஏழு கிழமை ஆகிறது. தபால் தவறியதோ என்று மாமாவிடம் கேட்டேன். “வந்தது பிள்ளை, அரிசிப் பானைக்குக் கீழ வச்சிருக்கிறா. ரெண்டு நாள் சாப்பிடேல்ல” என்றார். சாப்பிடுங்கள் அம்மாயி.

விசாரணை வருகிற பதினைந்தாம் தேதி. பிள்ளைகள் எழுதியதற்கு என்ன சான்று என்று கேட்பார்கள். என்னிடம் இருப்பது உங்கள் கடிதங்கள்தான்.

ஒரு வரி போதும். வாசிக்கத் தெரியும் அல்லது தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் அதைச் சுமப்பேன். தெரியாமல் போய் நிற்கத்தான் முடியவில்லை.

உங்கள் ரூபி


வட்டக்கச்சி
05.07.2025

ரூபிக்கு,

நான் இருக்கிறேன். நீ கேட்டதால் சொல்கிறேன், சாப்பிடுகிறேன்.

இதற்குத்தானா உன்னைப் படிக்க வைத்தோம்? பாடத்தைப் படிப்பித்தோமா, சம்பளத்தை வாங்கினோமா என்று இருக்காமல், பிள்ளைகளுக்கு வாயை வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் குட்டி என்னையே குறுக்கு விசாரணை செய்கிறாள். ஏரம்புவைப் பற்றி அல்லவா கேட்கச் சொன்னேன்?

நான் எழுதிய முதல் கடுதாசியை அடுப்பில் போடு. இரண்டாவதைக் கொண்டுபோய்க் கொடு. ஏமாற்றினான், அமுக்கினான், அவ்வளவுதான். வயது போன கிழவி எழுதியதில் முன்பின் இருக்கும். எனக்கு மறதி.

மீனம்மா


முல்லைத்தீவு
10.08.2025

அம்மாயிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமாக இருங்கள்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். முள்ளிவாய்க்கால் இங்கிருந்து கிட்ட. அம்மாவின் உடலை விட்டுவிட்டு வந்த இடத்துக்கு முன்னால் தினமும் பஸ் நிற்கிறது. நிரந்தர நியமனம் இன்னும் ஒரு வருசம் தள்ளி.

விசாரணையில் கேட்டார்கள். “உங்கட அம்மாயிக்கு அப்ப வாசிக்கத் தெரியுமோ?” இரண்டு கடிதமும் பைக்குள் இருந்தன. முதலாவதை நான் எரிக்கவில்லை. வெளியே எடுக்கவும் இல்லை. இரண்டாவதை மட்டும் நீட்டவும் என் கை வரவில்லை. “அவவிட்டக் கேட்டு எழுதினனான். நேரான மறுமொழி வரேல்ல” என்றேன். “அப்ப சான்று இல்லை” என்று எழுதிக்கொண்டார்கள். சுவர்ப் பத்திரிகையை நானே கழட்ட வேண்டும் என்றார்கள். கழட்டினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விழா நடந்தது. ‘எங்கள் பாடசாலையின் வள்ளல்’ பேச்சில் ரஜிதாவுக்கு முதற் பரிசு. அதிபர் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாளாம். விடைபெறப் போனபோது கேட்டேன், ஏன் பிள்ளை என்று. “கேள்வி கேட்டா ஒருத்தரும் மறுமொழி சொல்லுறேல்ல டீச்சர். பாடமாக்கினா கப் தருகினம்” என்றாள். ஆறு மாதம் நான் படிப்பித்ததற்கு அவள் எழுதிய கட்டுரை அதுதான்.

போகுமுன் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பதிவை, சேர்வு இடாப்பை, பார்க்க விட்டார்கள். இலக்கம் ஒன்று அம்மா. சு. தயாளினி. 1980 தை 21. கடுதாசியில் விரல் வைத்ததற்கு மறுநாள். பிறப்புப் பத்திரம் இல்லை, பொறுப்பு ஏரம்பு என்று இருக்கிறது. மற்ற எட்டு வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எண்பத்து மூன்றில்தான் வருகிறது.

இனி நான் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. வேறு ஒன்றுதான். முகாமில் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா போய் இரண்டு மாதம். ‘அ’ எழுத உங்கள் விரலைப் பிடித்தேன். விரல் நடுங்கியது. எழுத்தே அறியாத விரல் என்று நினைத்து நான் அழுதேன். அதைப் பிடித்த கையோடுதான் டீச்சராக வேண்டும் என்று நினைத்தேன். அந்த நடுக்கத்தை எங்கே படித்தீர்கள் அம்மாயி?

சிவரூபி


உ
வட்டக்கச்சி
24.08.2025

அழகம்மா பேத்தி ரஜிதாவுக்கு மீனம்மா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கேள்விக்கு நூறு நாள் கழித்து மறுமொழி எழுதுகிறேன்.

நீ கேட்டது சரி. எனக்கு வாசிக்கத் தெரியும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். மூன்று பக்கத்தையும் நான் வாசித்தேன். சத்தம் போடாமல், உதடு அசையாமல் வாசித்தேன்.

என் புருசன் மண்ணுக்குள் போய் மூன்று மாதம். எங்களிடம் பிறப்புப் பத்திரமும் இல்லை, நாடும் இல்லை. ஏரம்பு சொன்னான்: “உன்ர பெட்டையை நாளைக்கே பள்ளிக்கூடத்தில சேர்க்கிறன். நான் பொறுப்பு நிக்கிறன். நீ முதல்ல வை, மற்றவையும் வைப்பினம்.” பேனையைத்தான் நீட்டினான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் பேனையை வாங்கவில்லை. மைப் பெட்டியில் நானே விரலைத் தொட்டேன். நாளைக்கு யாராவது கேட்டால், எழுத்துத் தெரியாது, ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதே எனக்கு யோசனை ஓடியது. அவன் அமுக்கவில்லை. அது பொய்.

பின்னால் நின்ற உன் அப்பாயி, “என்னடி எழுதியிருக்கு மீனம்மா?” என்று கேட்டாள். “பள்ளிக்கூடம் கட்டத்தான். வை” என்றேன். அவள் வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வைத்தார்கள்.

அன்று முதல் எழுத்துத் தெரியாதவளாகவே இருந்தேன். பஸ் போர்டைக்கூட அடுத்தவரிடம் கேட்டுத்தான் ஏறினேன். என் மகளின் ரிப்போட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் டீச்சர் முகாமில் என் விரலைப் பிடித்த நேரம், தாயில்லாப் பிள்ளை, ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும் என்று விட்டேன். நடுக்கம் நடிப்பில்லை. அந்த விரல்தானே, அதனால் நடுங்கியது. இதை அவளிடம் சொல்.

ஏரம்புவை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதியதால் அவன் நல்லவனாகிவிட மாட்டான். கிணற்றடியில் அவன் சொன்ன சொல் சொன்னதுதான்.

இதை உன் அப்பாயிக்கு வாசித்துக் காட்டு. டீச்சருக்கும் ஒரு பிரதி அனுப்பு. இதில் நான் விரல் வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சு. மீனம்மா


பாலைநட்டகுளம்
21.09.2025

மீனம்மா பாட்டிக்கு,

வணக்கம். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டீச்சருக்குப் பிரதி அனுப்பினேன். அவா கந்தோருக்குக் கொண்டுபோனாவாம். விசாரணை முடிந்துவிட்டது, இனித் திறக்க ஏலாது என்றார்களாம். இப்போது எங்களுக்குப் புது சேர் வந்திருக்கிறார். ‘மழை நாள்’ கட்டுரை திரும்பவும் தந்திருக்கிறார்.

அப்பாயிக்கு உங்கள் கடிதத்தைக் குசினியில் வைத்து வாசித்தேன். அவா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தா. பாதியில் கையை நிறுத்தினா. முடிந்ததும், “மூணு பக்கமும் வாசிச்சாளாமா?” என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து, தான் சொல்வதை எழுதச் சொன்னா. சொன்னபடியே எழுதுகிறேன்.

“மீனம்மா, ஒம் மவ படிச்சதுல எனக்கு வயித்தெரிச்சல் கெடையாது. சுடலைமுத்து அண்ணன் செத்த வூட்டுல மூணு நாளு நான்தான் ஒலை வச்சேன். உண்மையச் சொல்லிக் கேட்டிருந்தா, ஒம் மவளுக்காகவே நான் வெரல வச்சிருப்பேன். நீ கேக்கல. இனி எனக்கு எழுதாத.”

இவ்வளவுதான் சொன்னா. கீழே இருப்பது அப்பாயியின் பெருவிரல். வைக்க முதல் என்னை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

ரஜிதா